கோஹர் பெருக்காத அறை

ஷீர்கூஹ் மலையில் பனி உருகி வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக வர ஆரம்பித்துவிட்டால் எங்கள் ஊர் ஆம்பிளைகள் வீடு தங்க மாட்டார்கள். தங்கினால் தொலைந்தார்கள். பெண்கள் கையில் ஒட்டடைக் கம்பைக் கொடுத்து ஏணியில் ஏற்றிவிடுவார்கள். புத்தாண்டு பிறப்பதற்குள் வீட்டை உதறியாக வேண்டும். 'உதறுவது' என்றுதான் நாங்கள் சொல்வது. தெரியாதவர்கள் பார்த்தால் வீடு கொள்ளை போய்விட்டதோ என்று நினைப்பார்கள். கரிச்சட்டியின் மேல் குட்டை மேசையைப் போட்டு, அதன்மேல் பஞ்சுப் போர்வையான ரஜாயை விரித்து, குளிர்காலம் முழுக்கக் குடும்பமே கால் நீட்டிக் கிடந்த கணப்பைப் பிரித்து முற்றத்தில் எறிவார்கள். கம்பளங்களை மதில்மேல் போட்டு அடிப்பார்கள். செப்புப் பாத்திரங்கள் ஈயம் பூசப் போகும். புகை ஏறிய சுவர்களுக்கு வெள்ளை மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள்.

இந்த வேலையில் கோஹரை மிஞ்ச ஆள் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அவள் பெருக்கிய தரையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம். நாலைந்து மாதுளை மரமும் இரண்டு ஆடும்தான் அவளுக்குச் சொத்து. மீதி வயிற்றுப்பாட்டுக்கு வருஷக் கடைசியில் பெரிய வீடுகளை உதறிக் கொடுப்பாள். கோதுமையும் துணியும் கொடுப்பார்கள். ஒல்லி உடம்புதான், ஆனால் கம்பளம் அடிக்க அவள் குச்சியைத் தூக்கினால் தெருப்பூனை மதில் தாண்டி ஓடிவிடும். அப்படிப்பட்டவளுடைய சொந்த வீட்டில் ஓர் அறை மட்டும், மகள் வயிற்றில் இருந்த காலத்திலிருந்து, துடைப்பம் படாமல் கிடந்தது. அது அவள் புருஷன் தீரந்தாஸின் அறை.

தீரந்தாஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்லவன், இடது கைக்காரன், மகா சோம்பேறி. வீட்டை உதறும் நாட்களில் அவனைத் தேட வேண்டுமென்றால் மாதுளைத் தோப்பில்தான் தேட வேண்டும். தலைக்குத் தொப்பியை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான். கோஹர் அவனை ஏசாத ஏச்சில்லை. அவன் சிரித்துக்கொண்டே இருப்பான், அதில் அவள் கோபம் போய்விடும். பம்பாயில் நம் ஆட்கள் நடத்தும் டீக்கடை ஒன்றில் வேலை இருக்கிறது என்று அவனுடைய சித்தப்பா சொல்லி அனுப்பியபோது கோஹர் முழுகாமல் இருந்தாள். "பிள்ளை பிறக்கும்போது கையில காசோட வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டு லாரி ஏறிப் போனான். பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் படகுக்காகக் காத்திருந்தான் என்பது வரைக்கும் தெரியும். படகு பம்பாய் போய்ச் சேர்ந்தது. அதில் அவன் இல்லை. ஏறவே இல்லையா, வழியில் எங்கேயாவது இறங்கினானா, கடலில் விழுந்தானா, படகுக்காரனுக்கே தெரியவில்லை. வருஷம் போகப் போக ஊர் அவனைச் செத்தவர்களோடு சேர்த்துவிட்டது. கோஹர் சேர்க்கவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வீட்டை நமக்காகத்தான் உதறுகிறோம் என்பது பட்டணத்துக்காரர்களின் நினைப்பு. வருஷத்தின் கடைசி ஐந்து நாள் செத்தவர்களுடையது. அந்தந்த வீட்டில் செத்தவர்கள் அந்தந்த வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு அழுக்கு ஆகாது. நமக்குத் தணலில் கால் வைப்பது எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குத் தூசியில் கால் வைப்பது. அதனால் அறையைப் பெருக்கி, சுவரை வெளுத்து, விளக்கேற்றி, எண்ணெயில் பொரித்த ரொட்டியும் உலர்ந்த பழமும் சைப்ரஸ் இலையும் வைத்துக் காத்திருப்போம். ஐந்தாம் நாள் முடிந்து விடியும்போது மொட்டை மாடியில் தீ மூட்டி வழியனுப்புவோம். பக்கத்து ஊரார் எங்களை நெருப்பைக் கும்பிடுகிற சனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதிலிருந்து கோஹர் தனக்கென்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பெருக்கி வைத்த அறை செத்தவனுக்கு அழைப்பு. தீரந்தாஸின் அறையைப் பெருக்கினால் அவனைச் செத்தவன் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. பெருக்காதவரைக்கும் அவன் எங்கேயோ இருக்கிறான். தூசியாய் இருக்கிற அறை உயிரோடு இருக்கிறவனுடைய அறை. அவ்வளவுதான். மற்ற பெண்கள் தூசி போய்விட்டதா என்று குனிந்து பார்ப்பார்கள். இவள் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அறையின் பூட்டைத் திறந்து, தூசி அப்படியே இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். இருக்கும். நிம்மதியாகப் பூட்டிவிட்டு வந்து அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

தீரந்தாஸின் அக்கா தௌலத் அடுத்த சந்தில் இருந்தாள். அவள் வாயை மூட உலைமூடி கிடையாது.

"ஊரான் வீட்டு அழுக்கெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுது. உன் வீட்டுக்குள்ள ஒரு குப்பைமேட்டை வச்சுப் பூட்டு வேற போட்டிருக்க" என்பாள்.

"என் வீடு, என் குப்பை. உங்க வீட்டுக் கூரையில புறா எச்சம் வழியுது மதினி, அதப் போய் முதல்ல பாருங்க" என்பாள் கோஹர்.

"அவன் பேருக்கு ஒரு பூஜை உண்டா? ஒரு விளக்கு உண்டா?"

"உசுரோட இருக்கிறவருக்கு எதுக்கு விளக்கு? உங்க தம்பிதானே, வாய் கூசலையா உங்களுக்கு?"

தௌலத் அழுதுகொண்டே போய்விடுவாள்.

மகள் மொர்வாரித்துக்கு அப்பா முகம் தெரியாது. கல்யாண வயது வந்துவிட்டது அவளுக்கு. அந்த வருஷம் கணப்பைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அம்மா, இந்தத் தடவை அப்பா அறையவும் பெருக்கிடலாமா?"

கோஹர் ரஜாயைக் கீழே போட்டாள். "யார் சொல்லிக் குடுத்தா? உங்க அத்தையா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. நான் அவரைப் பார்த்ததே இல்லம்மா. எல்லாரும் அவங்கவங்க அப்பாவுக்கு ரொட்டி பொரிச்சு வைக்கிறாங்க. எனக்கு உசுரோடவும் அப்பா இல்ல, செத்தும் அப்பா இல்ல."

"வருவாரு. வந்ததும் கேளு, எங்கய்யா போயிருந்தேன்னு" என்றாள் கோஹர். சொல்லிவிட்டு வேகவேகமாக ரஜாயை உதறினாள்.

ஐந்து நாள் தொடங்க இன்னும் சில தினங்களே இருந்தன. வீட்டில் எல்லா வேலையும் முடிந்து, கூரைமேலிருந்து காற்றை அறைகளுக்குள் இறக்கும் காற்றுக் கோபுரத்தின் உட்புறத்தை வழித்து எடுத்ததில் ஒரு கூடைத் தூசி மட்டும் முற்றத்தில் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வழக்கம்போல எட்டிப் பார்க்கலாம் என்று கோஹர் அந்த அறையின் பூட்டைத் திறந்தாள். சாவி அவள் இடுப்பிலேயேதான் இருக்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள்.

அறை பெருக்கியிருந்தது.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "மொர்வாரித்!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் தரையைச் சரியாகப் பார்த்தாள். அவள் உதறாத வீடு ஊரில் இல்லை. யார் பெருக்கியது என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இது பெண்பிள்ளை பெருக்கியது இல்லை. மூலையெல்லாம் அப்படியே விட்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் துடைப்பமே போகவில்லை. நடுவில் மட்டும் போட்டு இழுத்து, குப்பையை நிலைப்படிக்கு உள்பக்கம் குவித்து, வெளியே தள்ளத் தெரியாமல் விட்டிருந்தது. கோடுகள் எல்லாம் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இடது கையால் பெருக்கினால்தான் அப்படி விழும்.

மொர்வாரித் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"நான் இல்லம்மா. சத்தியமா நான் இல்ல."

"நீ இல்லன்னு எனக்குத் தெரியும். இவ்வளவு கேவலமா பெருக்க நான் உனக்குச் சொல்லிக் குடுக்கல" என்றாள் கோஹர். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

விஷயம் தெரிந்து தௌலத்தும் வந்து சேர்ந்தாள். அவளும் பார்த்தாள். ஆனால் அவளுக்கும் உடனே ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லை. "காத்தா இருக்கும். கோபுரத்து வழியா இறங்கிச் சுத்தியிருக்கும்" என்றாள்.

"காத்து குப்பையக் கொண்டாந்து கொட்டும் மதினி. வாரிக் குவிக்குமா?"

"அப்ப யாருங்கிற?"

அந்தப் பெயரைக் கோஹர் தன் வாயால் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? விடுவிடுவென்று முற்றத்துக்குப் போய், காற்றுக் கோபுரத் தூசிக் கூடையைத் தூக்கிவந்து, அந்த அறை முழுக்க வாரி இறைத்தாள். கட்டில்மேல், தரைமேல், சுவர் ஓரமெல்லாம். செத்தவர்கள் வரப்போகிற சமயத்தில் வீட்டுக்குள் குப்பையைக் கொட்டுகிற பாவத்தை எங்கள் ஊரில் அதுவரை ஒருத்தியும் செய்ததில்லை. தௌலத் தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! என்னடி பண்றே! பைத்தியமா உனக்கு?"

"அவரு உசுரோட இருக்காரு! இருக்காரு!" கோஹர் இருமிக்கொண்டே கத்தினாள். வெறும் கூடையை மூலையில் எறிந்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் நல்ல வெயில். கம்பளங்களில் ஒன்று பாக்கி இருந்தது. மூன்று பேருமாக அதை மதிலில் போட்டு அடித்தார்கள். கோஹர் ஒரு பக்கம், மொர்வாரித் ஒரு பக்கம், தௌலத் நடுவில் பிடித்துக்கொண்டு. தௌலத்துக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. தம்பி பெண்டாட்டியைத் தனியாக விட மனசு வரவில்லை, வந்துவிட்டாள். குச்சி விழும் சத்தம் மட்டும்தான். கோஹர் மூச்சு வாங்கக் குச்சியைத் தாழ்த்தினாள். மொர்வாரித்தும் நிறுத்தினாள்.

சர்ர்... சர்ர்...

மூன்று பேரும் முற்றத்தில் நிற்கிறார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. பூட்டிய அறைக்குள் யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள். நிதானமாகக்கூட இல்லை, இரண்டு இழுப்பு, பிறகு முதுகை நிமிர்த்துகிற மாதிரி ஓர் இடைவெளி, பிறகு ஓர் இழுப்பு. வேலை பழகாத ஆள் பெருக்கும் சத்தம். தௌலத் இடுப்புப் புனிதக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் வரவில்லை. முற்றத்து வாய்க்காலோரம் மேய்ந்த இரண்டு ஆடுகளும் தலையைத் தூக்கி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"அம்மா, போகாதே" என்று மொர்வாரித் கையைப் பிடித்தாள். கோஹர் உதறிக்கொண்டு போனாள். சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். கதவைத் திறந்த கணத்தில் சத்தம் நின்றது.

உள்ளே யாரும் இல்லை. அறை பாதி பெருக்கியிருந்தது. மீதிப் பாதியில் நேற்று அவள் கொட்டிய தூசி அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் வீட்டுத் துடைப்பம் விழுந்து கிடந்தது, பூட்டிய அறைக்குள் எப்படி வந்ததோ. அவள் குனிந்து எடுத்தாள். துடைப்பத்தின் நுனியெல்லாம் ஈரம். பிடியும் ஈரம். சொட்டிய இடத்தில் தூசி குழைந்து சேறாகியிருந்தது. அந்த அறையில் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கிடையாது, கூரையில் ஒழுக்கு கிடையாது, மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். எங்கள் ஊர்த் தண்ணீருக்கு இல்லாத ஒரு வாடை வந்தது. கோஹர் கடலைப் பார்த்தவள் இல்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் இன்றைக்கா செத்தான்? மகள் வயிற்றில் இருக்கும்போதே செத்துவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வந்திருக்கிறான். அப்பன், ஆத்தாள், பாட்டன் எல்லோரும் அவரவருக்கு வெளுத்து வைத்த இடத்துக்குள் போயிருப்பார்கள். இவன் மட்டும் தன் அறை வாசலில் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். ஐந்து நாளும் நின்றிருப்பான். பிறகு எல்லோரோடும் திரும்பிப் போயிருப்பான். அவனை உயிரோடு வைத்திருக்கிறோம் என்று நினைத்து வெளியே நிறுத்தி வைத்தது அவள். கடைசியில் பொறுக்க முடியாமல், இந்தத் தடவை முன்கூட்டியே கிளம்பி, உயிரோடு இருந்தபோது ஒரு துரும்பை நகர்த்தாத மனுஷன், தணல் மாதிரிச் சுடுகிற தூசியில் கால் வைத்து, தன் அறையைத் தானே பெருக்க வந்திருக்கிறான். அதிலும் அவள் போய்க் கூடைக் குப்பையைக் கொட்டினாள்.

"ஐயோ" என்றாள் கோஹர்.

தௌலத்தும் மொர்வாரித்தும் கதவுக்கு வெளியே நின்றார்கள். கோஹர் எழுந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். துடைப்பத்தை வலது கையில் பிடித்து, அறையின் நடுவில், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நகருங்க. உங்களுக்கு இதெல்லாம் வராது."

அன்று பொழுது சாயும்வரை அவள் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. கட்டிலைப் புரட்டினாள். மெத்தையைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் போட்டாள். சுவருக்கு வெள்ளை மண்ணை இரண்டு கை பூசினாள். மூலைகளை விரல்நகத்தால் சுரண்டினாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வாயும் ஓயவில்லை. "பிள்ளை பிறக்கும்போது வந்து நிப்பேன்னீங்களே, நின்னீங்களா? தண்ணியில காலை வைக்கத் தெரியாத ஆளு எதுக்குய்யா படகுல ஏறணும்? இந்தப் பொண்ணைப் பாருங்க. உங்க மூக்கு அப்படியே. நல்லவேளை, கை என்னோடது." மொர்வாரித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காலி அறையில் பேசும் அம்மாவைப் பார்க்கப் பயந்து, பிறகு பயம் தெளிந்து, உள்ளே வந்து ஜன்னலைத் துடைத்தாள். தௌலத் முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கோஹர் நெருப்புக் கோயிலுக்குப் போய்க் குரு பஹ்மர்தின் முன் நின்றாள். அந்த ஐந்து நாளும் ஒவ்வொரு வீட்டுச் செத்தவர்களின் பெயரையும் சொல்லி மந்திரம் ஓதுவது அவர்தான்.

"எங்க வீட்டுப் பேருங்களோட ஒண்ணு சேர்த்துக்கணும் சாமி. தீரந்தாஸ்."

குரு எத்தனையோ தடவை அவரே சொல்லிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டவர். "எந்த நாள் செத்தான்னு சொல்லணுமேம்மா" என்றார்.

கோஹர் யோசித்தாள். "தெரியல சாமி. எனக்கு இன்னிக்குத்தான்" என்றாள்.

அந்த ஐந்து நாளும் தீரந்தாஸின் அறையில் விளக்கு எரிந்தது. மொர்வாரித் பொரித்த ரொட்டியை வைத்தாள். ஒன்று கருகியிருந்தது, பரவாயில்லை என்று அதையும் வைத்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் கட்டிலில் தலைவைக்கும் பக்கம் பஞ்சு லேசாக அமுங்கியிருந்தது. கோஹர் தினமும் அதைப் பார்த்தாள், தட்டிச் சரிசெய்யவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு வந்து கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் நாளே கதவிலிருந்த பூட்டைக் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டாள்.

ஐந்தாம் நாளும் முடிந்து கிழக்கு வெளுக்க ஆரம்பித்தது. ஊர் முழுக்க மொட்டை மாடிகளில் ஆள் நடமாட்டம். ஒவ்வொரு கூரையாகத் தீ எழுந்தது. சூரியன் வருவதற்குள் தீயின் வெளிச்சத்தில் அவர்கள் கிளம்பிப் போய்விட வேண்டும். தீ மூட்டாத வீட்டுக்காரர்கள் இருட்டில் தடுமாறிப் போவார்கள். கோஹர் விறகை அடுக்கி வைத்திருந்தாள். தீப்பெட்டி கையில் இருந்தது. அவள் பற்ற வைக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து வந்தவனை ஐந்தே நாளில் எப்படி அனுப்புவது? அடுத்த சந்துக் கூரையிலிருந்து தௌலத் கத்தினாள்: "தீயை வைடி கோஹர்! நேரமாகுது! என் தம்பி நிக்கிறான்டி!"

பக்கத்தில் நின்ற மொர்வாரித்தின் தோள் குலுங்கியது. அவள் அழ ஆரம்பித்திருந்தாள். முகமே தெரியாத அப்பாவுக்காக, வாயைப் பொத்திக்கொண்டு, தேம்பித் தேம்பி.

கோஹர் சட்டென்று திரும்பி மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தன் தலைத்துணியின் முனையால் அவள் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

"அழாதே. நாம விடுற கண்ணீரெல்லாம் ஆறா ஓடும். அதைத் தாண்டித்தான் அவங்க போகணும். உங்க அப்பா தண்ணியில பட்டது போதும்டி."

மொர்வாரித் பல்லைக் கடித்துக்கொண்டாள். கோஹர் குச்சியைக் கிழித்து விறகில் வைத்தாள். தீ பிடித்து மேலே எழுந்தது. சூரியன் முழுசாக வெளியே வரும்வரை இரண்டு பேரும் கண் கலங்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.